அரைப்பேர்

சபைக்கு ஒரு கொப்பி உண்டு,
அதை எழுதுவது நான்.
சிவப்பு மட்டை, எண்பது பக்கம்,
சந்தியில் தங்கையா கடையில் வாங்கியது.
வெள்ளி உபவாசம் ஒரு கோடு,
தசமபாகம் ஒரு கோடு,
பூ வைக்காத தலை, பொட்டு வைக்காத நெற்றி,
தீபாவளிப் பலகாரத்துக்கு நீளாத கை,
எல்லாம் கோடு கோடாக நேரே விழும்.
என் எழுத்து அழகு என்பார் பாஸ்டர் தீத்து.

என் பெயருக்கு எதிரே ஒரு கட்டமும் காலியில்லை.

மாசியில்
சலோமியின் பெயரை நான்தான் வெட்டினேன்.
தங்கச்சி மகள் சமைந்த வீட்டில்
ஆரத்தித் தட்டைத் தூக்கினாள்,
கனகாம்பரம் வைத்திருந்தாள்,
பார்த்தவர்கள் மூன்று பேர்.
ஆறு மாசம் பந்திக்கு விலக்கு.
அடிமட்டம் வைத்து வெட்டினேன்,
கோடு கோணக்கூடாது என்று.

அதற்குப் பிறகும் வந்தாள்.
கடைசி வாங்குக்கும் பின்னால்
செருப்புக் கழற்றும் இடத்தில் உட்கார்ந்து
எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடினாள்.
அப்பம் கடந்து போகும்போது
கையை மடியில் வைத்துக்கொள்வாள்.
அதற்கு என் கொப்பியில் கட்டம் இல்லை.

பிறகு ஆனி மழை.
மஸ்கெலியாவுக்கு மேலே எங்கள் மலை
நாலு நாளாகக் கண்ணில் படவில்லை;
கைக்கு எட்டிய செடி மட்டும்தான் மலை.
படங்குக்குள் தண்ணீர்,
சவுக்காரம் பூசியும் காலில் அட்டை,
முதல் நாள் இரவெல்லாம் காய்ச்சல்.
பிடித்த கொழுந்தை விடத் தெரியாமல்
விரல்கள் விறைத்து நின்றன.
பதினெட்டுக் கிலோ எடுத்தால் ஒரு பேர்.
குறைந்தால் அரைப்பேர்.
தண்ணிக்கென்று இரண்டு கிலோ கழிப்பார்கள்,
அது எங்கேயும் எழுதாத சட்டம்.

மடுவத்து வரிசையில் நின்று
என் சாக்கைத் தூக்கிப் பார்த்தேன்.
தராசுக்கு முன்பே தோளுக்குத் தெரியும்.
ஜெபித்தேன்.
ஜெபமா அது?
என் கோடுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டினேன்,
கணக்கப்பிள்ளையிடம் வாதாடுகிறவள் மாதிரி.

பின்னாலிருந்து ஒரு கை
என் சாக்கின் வாயை விரித்தது.
பச்சை, ஈரம், அள்ளி அள்ளி.
நான் திரும்புவதற்குள்
சலோமியின் சாக்கு பாதி இறங்கியிருந்தது.
"என்னடி செய்ற?"
"பேசாம நில்லு. தராசுக்காரன் பார்க்கிறான்."

எனக்குப் பேர் விழுந்தது.
அவளுக்கு அரைப்பேர்.
செக்ரோலில் அது கோணல்மாணலாக விழுந்ததைத்
தலைகீழாக நின்று படித்தேன்.
அரைப்பேர் என்றால்
சம்பளத்தன்று மாவில் குறையும்.
அவளுக்கு மூன்று பிள்ளைகள்.

பீலியடியில் ஓடிப்போய்ப் பிடித்தேன்.
நாளைக்கே திருப்பித் தருகிறேன் என்றேன்,
ஏழு கிலோ, வேணுமென்றால் எட்டு.
காலில் ஒட்டிய அட்டையைப் பிய்த்துக்கொண்டே சிரித்தாள்:
"அதையும் எழுதி வச்சுக்குவியே நீ."

கடன் என்றால் எனக்குத் தெரியும்.
கடனோடு படுக்கலாம், எழும்பலாம்,
அடைத்த அன்று நிமிர்ந்து நடக்கலாம்.
இதை எங்கே வைப்பது?
அன்றிரவு நெற்றியைத் தடவிப் பார்த்தேன்.
பொட்டில்லாத நெற்றி.
அதற்கு மேலே, தலையில்,
இருபது வருஷமாய்க் கயிறு இழுத்த பள்ளம்.
விடுதலை விடுதலை என்று
இந்தத் தலையோடுதான் கைதட்டியிருக்கிறேன்.

ஞாயிறு கொப்பியைக் கொண்டுபோகவில்லை.
பாஸ்டர் கேட்டார். நனைந்துவிட்டது என்றேன்.
பொய்.
அதற்கும் ஒரு கோடு இருந்தது எங்கள் கொப்பியில்.

அப்பம் வந்தது. எடுத்தேன். வாயில் வைக்கவில்லை.
வாங்குகளைத் தாண்டி,
எல்லாத் தலையும் திரும்ப,
செருப்புகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தேன்.
பிட்டேன். சமமாக வரவில்லை.
பெரியதை நீட்ட நினைத்துச்
சின்னதை நீட்டிவிட்டேன் போல.
அவள் அளவு பார்க்கவில்லை,
கொழுந்துக் கறை ஏறிய கையால் வாங்கிக்கொண்டாள்.

அடுத்த பாட்டின் எண்ணைச் சொல்ல மறந்து
பாஸ்டர் நின்றார்.
மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.
வாயில் அப்பத்தோடேயே
அவள் தொடங்கினாள்,
சுருதி தப்பி.