வலது செருப்பு

அஸ்தம்பட்டியில் டீக்கடையிலிருந்து வண்டிக்குத் திரும்பும்போது
பச்சியண்ணன் பின்னால் ஓடி வந்தான்,
கையில் டிக்கெட் பை, மறு கையில் என் வலது செருப்பு.
"ஏண்ணே, கழண்டது கூடவா தெரியல?"
தெரியவில்லை.
வார் லூசு என்று சிரித்து வைத்தேன்.
அடிவாரம் தாண்டி முதல் வளைவுக்குக் கியர் இறக்கையில்
பாதம் எங்கே இருக்கிறதென்று
குனிந்து பார்த்தேன்.

ஏற்காட்டுச் சாலையில் இருபது கொண்டை ஊசிகள்.
ஒன்றில்கூடக் குனிந்து பார்க்க நேரமில்லை.

அன்றைக்கு ஐம்பத்தெட்டுப் பேர்,
இரண்டு பலாப்பழம், நாகலூர்ச் சந்தைக்குக் கொஞ்சம் பிளாஸ்டிக் குடம்.
பாதிப் பேர் தூங்கினார்கள்.
பிரேக்கின் மேல் என் கால் இருந்தது.
பஞ்சு மூட்டை மேல் நிற்கிற மாதிரி இருந்தது.
மேலே போய்ச் சேர்ந்ததும் சாவியை அவன் கையில் கொடுத்தேன்.
"இறக்கத்துக்கு வேற ஆளை அனுப்பச் சொல்லு."
அவன் ஏன் என்று கேட்கவில்லை.
எண்ணி முடித்த சில்லறையை
மறுபடி எண்ணிக்கொண்டிருந்தான்.

ஜி.ஹெச்.சில் டாக்டர் நஸீமா
ஓர் இரும்புக் கவையைத் தட்டி
என் பெருவிரல் எலும்பில் வைத்தார்.
"அதிர்றது தெரியுதா?"
காதுக்குக் கேட்டது.
காலுக்குக் கேட்கவில்லை.
கண்ணை மூடி நிற்கச் சொன்னார்.
முப்பத்தொரு வருஷம் வளைவுகளில் வண்டியை நிமிர்த்தியவன்
தட்டைத் தரையில் சாய்ந்தேன்.

ரத்தம் எடுத்துப் பார்த்து
"பி பன்னிரண்டு" என்றார்.
டவுன் பஸ் நம்பர் மாதிரி இருந்தது.
இருநூறாவது இருக்க வேண்டிய இடத்தில் தொண்ணூற்றாறு.
சர்க்கரைக்காக ஒன்பது வருஷம் விழுங்கிய வெள்ளை மாத்திரை
அதை உள்ளே ஏறவிடாமல்
படியிலேயே தொங்கவிட்டிருக்கிறது.
நரம்பின் மேலுறை உரிந்துகொண்டு வருகிறது,
பழைய வண்டியின் ஒயர் மாதிரி.

"கறி, மீன்?"
விட்டு ஏழு வருஷம்.
"ஏதாவது வேண்டுதலா?"
தலையாட்டினேன்.
பதினோராம் வளைவில், பனியில்,
என் பம்பருக்குக் கீழே கிடந்த காட்டெருமைக் கன்றை
தாய் நக்கி நக்கி எழுப்பப் பார்த்ததை
ரிப்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவார்?

பாலும் எனக்கு ஆகாது. கடுங்காப்பிதான்.
ஈரலில் சில வருஷத்துக்கு இருப்பு இருந்திருக்குமாம்.
தீரும்வரை ஒரு விளக்கும் எரியவில்லை.

ஒரு நாளைக்கு எவ்வளவு வேணுங்க என்றேன்.
தூள் உப்பில் ஒரு மணியை எடுத்து
இருபத்தைந்தாக நொறுக்கினால்
அதில் ஒன்று.
அந்தத் துணுக்கை நம்பித்தான்
இத்தனை உயிரும் மலை ஏறியிருக்கிறது.

ஊசி மருந்து மாதுளைச் சிவப்பு.
ஒன்று விட்டு ஒரு நாள், பிறகு வாரம் ஒன்று.
டிப்போவில் லேசான வேலை கொடுத்தார்கள்.
ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினேன்,
தேய்ந்த டயர்களுக்குச் சாக்கட்டியால் நம்பர் போட்டேன்.
வீட்டில் குணவதி வேகவைத்த முட்டையைத் தட்டில் உருட்டினாள்.
"இது கன்னுக்குட்டி இல்லைங்க. முட்டை."
மூன்று நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
நாலாம் நாள் உப்புத் தொட்டுத் தின்றேன்.

திரும்பி வந்தது முதலில் எரிச்சலாக வந்தது.
ராத்திரியெல்லாம் பாதத்துக்குள் கட்டெறும்பு.
போர்வை பட்டால் கத்தினேன்.
நஸீமா டாக்டர் மட்டும்
"நல்லது, நல்லது" என்றார்.

எட்டு மாதம்.
கவையைத் தட்டி வைத்ததும்
ஒரு வண்டு பெருவிரலுக்குள் பறந்தது.

இன்று மறுபடி வண்டி.
அடிவாரத்திலேயே வலது செருப்புக்குள் ஒரு கல்,
மிளகு அளவுதான் இருக்கும்.
ஒவ்வொரு பிரேக்குக்கும் குத்தியது.
பதினோராம் வளைவில் எப்போதும்போல்
இரண்டு தரம் ஹாரன் அடித்து, ஊர்ந்து போனேன்.
இன்ஜினின் நடுக்கம் பலகை வழியே
உள்ளங்காலில் ஏறியது.

மேலே நிறுத்தி இறங்கினேன்.
"ஏண்ணே நொண்டுறீங்க?"
கல்லு என்றேன்.
"உதறிட வேண்டியதுதானே?"

இறக்கத்துக்கும் இருக்கட்டும்டா.