பன்னிரண்டில் ஒன்று

காலையில் எண்ணுவேன், பூட்டப்போகும்போதும் எண்ணுவேன்.
வாய்க்கண்ணாடி பன்னிரண்டு.
கொக்கிமுனைத் துருவி பன்னிரண்டு.
சூத்தை வழிக்கும் கரண்டி,
பெரிதும் சிறிதுமாய்ப் பத்து.
பால்பல் குறடு மூன்று;
அதில் ஒன்றின் வாய் சரியாய் மூடாது,
மாற்றித் தரச்சொல்லி எழுதிப்போட்டு
இரண்டு வருஷமாகிறது.

வாழைத்தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில்
பழைய மனையியல் அறைதான் எங்கள் பல் அறை.
பிள்ளைகள் ரொட்டி சுட்டுப் பழகிய மேசையில்
இப்போது நான் இரும்பு அவிக்கிறேன்.

இமெல்டா மிஸ் கருவிகளின் பெயரைச்
சின்னவர்களிடம் சொல்லவேமாட்டா.
எச்சில் உறிஞ்சும் குழாய், தாகமெடுத்த யானை.
துளைக்கிற இயந்திரம், மழையில் நனைந்த தேனீ.
ஊசிக்கு மட்டும் பெயரில்லை.
அது பேச்சுக்கு நடுவில்
முழங்கைக்குக் கீழால் வரும்.
"நோகாது மகன்."
அந்தப் பொய்யையும் என்னிடம் தந்து
அவித்து எடுப்பா போலும்,
ஒவ்வொரு வாய்க்கும் புதிதாயிருக்கும்.

செவ்வாய்க்கிழமை கண்ணாடி பதினொன்று.
குப்பைவாளியைக் கவிழ்த்துப் பார்த்தேன்.
சிவந்த பஞ்சு, உரித்த கையுறை,
யாரோ வேண்டாமென்று விட்டுப்போன ஒரு பால்பல்.
பதிவேட்டில் எழுதினால் சம்பளத்தில் கழியும்.
எழுதாமல் விளக்கை அணைத்தேன்.
இரவெல்லாம் அது என்னைப் பார்த்தபடி
எங்கோ கிடந்தது.

வியாழக்கிழமை, இடைவேளை மணிக்கு முன்னால்
நாலாம் வகுப்பு ஹம்தான் வந்தான்.
காற்சட்டைப் பைக்குள்
ஷாப்பிங் பேக்கில் சுற்றிய கண்ணாடி,
சவர்க்காரம் மணத்தது.
"ஒவ்வொரு ஆளுக்கும் சுடுதண்ணி ஊத்தினேன்,"
நான் வாய் திறக்குமுன் சொன்னான்.
கூடவே கணக்குக் கொப்பியில் கிழித்த தாள்:

உம்மா – ஓட்டை மூன்று. ஒன்று ஆழம்.
சாச்சி – சிரித்துக்கொண்டே இருந்தா, எண்ணேலாது.
சோமாவதி நோனா – வெற்றிலை. ஒன்றும் தெரியவில்லை.
ஓட்டோ மரியநாயகம் அங்கிள் – தங்கப்பல் ஒன்று.
பொய்த் தங்கமாம்.
தங்கச்சி – பல் இரண்டு. கடித்தாள்.
வாப்பா – கட்டார். போனில் ஆ காட்டினார்.
கண்ணாடியைத் திரையில் வைத்தேன்.
என் முகம்தான் தெரிந்தது.
பிரிஸ்கா அக்கா –

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை,
அடிமட்டம் வைத்துக் கீறிய ஒரு கோடு.

பத்தொன்பது வருஷமாய் இந்தக் கதிரையைத் துடைக்கிறேன்,
ஒருநாளும் சாய்ந்ததில்லை.
இடப்பக்கக் கடைவாயில் தேத்தண்ணி பட்டால்
காதுவரைக்கும் ஏறும்.
வலப்பக்கத்தால் குடிக்கப் பழகிவிட்டேன்,
தலையை ஒருமாதிரிச் சரித்து.
மிஸ் ஒருநாள் கேட்டா, கழுத்துப் பிடிப்பா என்று.
ஓம் என்றேன்.

மிஸ் வலயக் கூட்டத்துக்குப் போயிருந்தா.
கதவைச் சாத்தினேன்.
வீட்டுக்குப் போய்வந்ததை அவிக்கப் போட்டு,
அவித்த ஒன்றை எடுத்து
அவன் கையில் வைத்தேன்.
செய்யக்கூடாது, தெரியும்.

சின்னவர்களுக்கான கதிரை;
என் கால்கள் வெளியே தொங்கின.
மேலே, பிள்ளைகள் பார்த்துக்கிடக்கவென்று ஒட்டிய
மீன் படம், ஒரு மூலை கழன்று.
இத்தனை வருஷமும்
அது கிளியென்று நினைத்திருந்தேன்.

அவன் முக்காலியில் ஏறினான்.
விளக்கை இழுத்தான்.
"ஆ சொல்லுங்க."
பிறகு, கொஞ்சம் யோசித்து,
"நோகும். கொஞ்சம்தான்."

குளிர்ந்த வட்டம் கன்னத்தை ஒதுக்கிக்கொண்டு
இடப்பக்கமாய் உள்ளே போனது.
மணி அடித்தது.
முற்றம் முழுக்கப் பிள்ளைகள் ஓடும் சத்தம்.
அவன் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு
பென்சிலைத் தேடினான்.