விசிறி நிற்கும் வரை

துவாஸ், மூன்றாம் கொட்டகை.
செத்தது என்று பெட்டிமேல் எழுதி அனுப்புகிறார்கள்.
என் மீட்டர் அதை நம்புவதில்லை.
பதினொரு சதவிகிதம். இருபத்தேழு.
தெம்பனிசிலிருந்து வந்த ஸ்கூட்டர் பேட்டரியில்
பாதிக்கு மேல்.
வண்டி அலுத்திருக்கும்,
அல்லது வண்டிக்காரருக்கு வேறு வேலை கிடைத்திருக்கும்.

உப்பியவற்றை மணல் வாளியில் தனியே வைப்பேன்.
எண்ணெயில் எழும்பிய பூரி போல் இருக்கும்,
அழுத்திப் பார்க்கத் தோன்றும்.
ஹைருடின் அழுத்திப் பார்த்தான்.
இப்போது இடக்கையால் கையெழுத்துப் போடுகிறான்.

முதலாளி பெயர் கோ.
தமிழில் அரசன் என்று பொருள், சொன்னேன்.
"அரசனுக்கு இத்தனை கடனா?" என்றார்.
அரைத்துச் சலித்த கரும்பொடி
நாற்பத்திரண்டு பீப்பாய்
கொரியாவுக்குப் போகக் காத்திருக்கிறது.
கோபால்ட் விலை இறங்கியதிலிருந்து
கப்பல் கூலி பொடியைவிடக் கனம்.
வாங்குகிறவர் தொலைபேசியில் ஒருமுறை இருமுகிறார்,
டன்னுக்கு நானூறு வெள்ளி குறைந்துவிடுகிறது.

இரும்பு பாஸ்பேட் வகை வந்தால் இன்னும் மோசம்.
கோபால்ட் இல்லை, நிக்கல் இல்லை,
தீப்பிடிக்கவும் அவசரமில்லை.
நல்ல பிள்ளை.
நல்ல பிள்ளையை வாங்க ஆளில்லை.

அரைவை இயந்திரம் குடித்த மின்சாரத்தின் பில்லை
மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார் கோ,
சாமி படம் வைக்கிற இடத்தில்.

பார்வையாளர் வரும் நாளில்
சுவரில் பெரிய பச்சை இலை ஒட்டுகிறோம்.
முகமூடியைக் கழற்றினால்
இலையிலும் அதே வாடை,
நகப்பூச்சுபோலத் தித்திப்பாய்,
தொண்டைக்குள் போனபின் கசப்பாய்.

விசிறி ஹைருடினின் யோசனை.
உப்புத் தண்ணீரில் அமுக்குவதற்குப் பதில்
வற்றவேண்டியதை விசிறியோடு கோத்தான்.
செங்காங்கில் ஒரு மடிக்கணினி முடிக்காமல் விட்டது,
பிடோக்கில் யாரோ
தவணை பாக்கியோடு தூக்கிப் போட்டது,
எல்லாம் எங்கள் கழுத்தில் காற்றாக வருகிறது.
கணக்கில் ஏறாத காற்று.
கோவுக்குத் தெரியும். கேட்கமாட்டார்.

இன்றைக்கு நாலேகால் வரை சுற்றியது.
பூஜ்யம் என்று எழுதி
வார்ப்பட்டையில் வைக்கிறேன்.
அந்தப் பக்கம் அரைவை தொடங்குகிறது.
முதுகில் வியர்வை இறங்குவது
இப்போதுதான் தெரிகிறது.

"அடுத்தது எவ்வளவு?"
இடக்கையில் இரண்டு கம்பி முனையோடு நிற்கிறான்.
"அறுபத்திரண்டு."
"அப்படியானால்
முதலாளியையும் கூப்பிடு."