கண்ணாடியைத் துடைக்கவில்லை

கிருணாவில் ஊரையே பெயர்த்து
மூன்று கிலோமீட்டர் தள்ளி வைக்கிறார்கள்.
அடியில் இரும்பு. தோண்டத் தோண்ட
மேலே சமையலறைச் சுவர்களில் விரிசல்.
இடிப்பதற்கு முந்தின வாரம் நான் போவேன்,
லேசர் ஸ்கேனரைக் கூடத்து நடுவில் நிறுத்துவேன்.
அது நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றி
வீட்டை நான்கு கோடிப் புள்ளிகளாக எண்ணிக்கொள்ளும்.

அசையாதது மட்டும்தான் அதன் கண்ணுக்கு ஆள்.
நடப்பவர்கள் கிழிந்துபோவார்கள்:
ஒரு தோள், அரை முழங்கை,
அந்தரத்தில் தனியே ஒரு செருப்பு.
இரைச்சல் என்போம் எங்கள் தொழிலில்.
விடிய விடிய உட்கார்ந்து துடைப்போம்.

ஈவார் நீவாவின் வீடு இரண்டாம் மாடி.
பதினொரு நிமிடம் வெளியே நில்லுங்கள் என்றேன்.
அவர் நின்றார்.
ஹில்யா நிற்கவில்லை.
அடுப்பில் காபி இருக்கிறது என்று
குறுக்கே போனாள், வந்தாள், மறுபடி போனாள்.
எனக்கு எரிச்சல். அன்று இரவே
அவளை முழுக்கத் துடைத்தேன்.

இது நடந்து இரண்டு குளிர்காலம்.

வீடு போனவர்களிடம் கனவு கேட்டு வாங்கினேன்.
நடைவழி கனவில் நீளம் என்றார்கள் நான்கு பேர்,
ஒருவரை ஒருவர் அறியாதவர்கள்.
நான்கு மீட்டர் கூட்டினேன்.
மாடிப்படி கனவில் வருவதேயில்லை என்றாள் ஒருத்தி.
எடுத்துவிட்டேன்.
இரவு ஒன்றேகால் மணிக்குச் சுரங்கத்தில் வைக்கும் வெடியை மட்டும்
யாரும் சொல்லவில்லை.
நானாகத் தரைக்கடியில் ஸ்பீக்கர் புதைத்தேன்.

பழைய பேருந்துப் பணிமனையில்
திறப்புக்கு முந்தின நாள் ஈவார் வந்தார். தனியாக.
காதுக்கருவி நசுங்காமல்
லோவிசா ஹெட்செட்டின் பட்டையைத் தளர்த்திக் கட்டினாள்.
உள்ளே நுழைந்ததும் தலையைக் குனிந்தார்.
அங்கே நான் விளக்கு வைக்கவில்லை.
முப்பது வருடம் இடித்துக்கொண்ட விளக்காம்.

தரை உறுமியது.
வெறும் காற்றில் கை நீட்டி
அலமாரிக் கண்ணாடித் தம்ளரைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு நடைவழி. அதன் முடிவில் நிலைக்கண்ணாடி.
லேசருக்குக் கண்ணாடி என்று ஒன்று தெரியாது.
ஊடுருவிப் போய் அந்தப் பக்கம்
இன்னொரு வீட்டைக் கட்டிவைத்துவிடும்,
இடம் வலம் மாறி, ஓரமெல்லாம் உதிர்ந்து.
வழக்கமாக வெட்டி எறிவேன்.
இதை அழகாயிருக்கிறதே என்று விட்டுவைத்தேன்.

கண்ணாடிக்குள் காலெடுத்து வைத்தார்.
நிஜச் சுவருக்கு இரண்டே அடி.
லோவிசா ஓடிப்போய் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.
அவர் அதற்கு முன்பே நின்றுவிட்டார்.

திரையில் அப்போதுதான் நானும் பார்த்தேன்.
ஏழு கீற்று. ஏப்ரனின் ஓரம்.
சாய்த்த கூஜாவின் மூக்கு. முகமில்லை.
இந்தப் பக்கம் துடைத்தேன்,
அந்தப் பக்கம் துடைக்க மறந்திருக்கிறேன்.

வெகுநேரம் கழித்து,
"ஏன் இடது கையால் ஊற்றுகிறாள்?"

"கண்ணாடி" என்றேன்.

"ஓ."

பிறகு சுவரோடு முதுகை ஒட்டி
வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு
ஒதுங்கி நின்றார்.
அந்த நடைவழியில்
இருவர் கடக்க இடம் போதாது.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
எதற்கு என்று சொல்லத் தெரியவில்லை.
அவரோ மூக்கைச் சிந்திக்கொண்டே
பூட்ஸைத் தேடிக்கொண்டிருந்தார்.

திறப்பு நாளில் உமேயோவிலிருந்து வந்த மாணவி,
கெட்டிக்காரி, எல்லாவற்றையும் குறித்துக்கொண்டவள்,
கேட்டாள்:
கண்ணாடிக்குள் ஏதோ தூசி மேகம் மாதிரி, அது பிழையா?

பிழைதான் என்றேன்.
தப்பிப் பிழைத்தது.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு
ஒரு ஹெட்செட்டை முழுக்கச் சார்ஜ் ஏற்றி
தளர்த்திய பட்டையை அப்படியே விட்டு
தனியாக எடுத்துவைக்கிறாள் லோவிசா.
நான் சொல்லவில்லை.