கல் எடை

ஆட்டுக்கிடாய்க் கொம்பாய் விரிந்த கைப்பிடி.
முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் பதினொன்று.
டயர் அகலம் நாற்பது மில்லிமீட்டர்.
இரண்டு வளையலை வேறு வங்கியில் வைத்து வாங்கினேன்.
எங்கள் கிளையில் வைத்தால்
எடை போடுவது நானாக இருக்கும்.

"ரெண்டா வாங்கிருங்க உமையா,
ரோட்டுக்கு ஒண்ணு, காட்டுக்கு ஒண்ணு"
என்பார் வயிரவன், ஞாயிறுதோறும்,
கோட்டையூர் டீக்கடையில், கிளாஸை ஊதிக்கொண்டே.
அவர் வண்டி ஏழு கிலோ.
அவர் வீட்டில் அதற்குத் தனி அறை உண்டு.
என் மாடி வீடு ஒன்றரை அறை.
பீரோவுக்கும் சமையல் மேடைக்கும் நடுவே
ஒரு சைக்கிள் நிற்கும்,
அதுவும் கொஞ்சம் தலையைத் திருப்பிக்கொண்டு.

பள்ளத்தூர் தாண்டியதும் எதிர்காற்று.
முன்னே போகிறவர் முதுகில் ஒளிந்து
முப்பத்திரண்டு கிலோமீட்டர் வேகம்.
அந்த ஆறு நிமிடம் என்னுடையதும் ரோடு சைக்கிள்தான்.
அப்புறம் ஒரு டயர் இடைவெளி.
அப்புறம் ஒரு லாரி இடைவெளி.
அப்புறம் அவர்கள் நிறம் மட்டும்.
தாரில் என் அகல டயர் போடும் சத்தம்
அடுத்த தெருவில் மாவு மில் ஓடுகிற மாதிரி.

ஒரு ஞாயிறு நெடுஞ்சாலையைச் சுரண்டிப் போட்டிருந்தார்கள்.
ஒன்றரைக் கிலோமீட்டர் வெறும் கப்பி.
ஏழு கிலோவைத் தோளில் தூக்கி
ஆணி வைத்த செருப்போடு வாத்து மாதிரி நடந்தார் வயிரவன்.
நான் ஓட்டிக்கொண்டே கடந்தேன்.
ஒன்றும் சொல்லவில்லை.
சொல்ல ஆசையாக இருந்தது
என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

மற்ற ஞாயிறுகளில்
கானாடுகாத்தானுக்கு முன்பே இடது பக்கம் திரும்புவேன்.
தைலமரக் காட்டுக்குள் தார் முடிகிற இடம்
தோசை ஓரம் மாதிரி பிய்ந்து கிடக்கும்.
அங்கே குந்தி உட்கார்ந்து காற்றை இறக்க வேண்டும்.
கேஜ் கிடையாது, கட்டைவிரல்தான்.
பன்னிரண்டு வருஷம் தராசுத் தட்டில் இருந்த விரல்
ரொம்ப ஏமாறாது.

செம்மண். அதன் மேல் உருண்டைச் சரளை,
யாரோ மூட்டையைக் கிழித்து மிளகு கொட்டின மாதிரி.
இறுக்கிப் பிடித்தால் வழுக்கும்.
விட்டுப் பிடித்தால் வண்டியே வழி பார்த்துக்கொள்ளும்.
இங்கேயும் நான் வேகமில்லை.
நாலு பால் கேன் கட்டிய எக்ஸெல்லில்
சந்தியாகு ஹாரன் அடித்து முந்துவார்.
"என்னம்மா, பஞ்சரா?"
இல்லை அண்ணே, இதுதான் வேகம்.

நகையில் கல் இருந்தால்
கல் எடையைக் கழித்துத்தான் எழுதுவேன்.
கொண்டுவந்தவர் முகம் அந்த இடத்தில் சுருங்கும்,
கல்லுக்கும் அவர் காசு கொடுத்தவர்தானே.
கண்மாய்க் கரை மேட்டில், கடைசிப் பல்லில்,
தொடை எரிய ஏறும்போது
இந்த வேகத்தில் எதைக் கழிப்பது என்று யோசித்தேன்.
சரளையைக் கழித்தால் தார் மிஞ்சும்.
தாரில் நான் கடைசி.
தாரைக் கழித்தால்
இந்தக் கரைக்கு வந்து சேர்ந்திருக்கவே முடியாது.
கணக்கு முடிவதற்குள் மேடு முடிந்துவிட்டது.

அன்று திரும்பும்போது பின் டயரில் கருவேல முள்.
துளையைச் சுற்றி எருக்கம்பால் மாதிரி வெள்ளைக் கசிவு.
செக்காலை ரோட்டில் சிக்கந்தர் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார்.
"பிடுங்காதீங்க. பால் அடைச்சிருச்சு.
எடுத்தாத்தான் காத்து போகும்.
அது பாட்டுக்கு இருக்கட்டும்."

திங்கட்கிழமை தேவகோட்டைக் கிளைக்கு, டிபன் பையோடு,
அதே வண்டி, அதே டயர், காற்று மட்டும் கூட.
சுற்றுக்கு ஒரு டிக்.
பதினெட்டுக் கிலோமீட்டருக்கு எட்டாயிரம் டிக்.
சரளையில் அது கேட்கவே இல்லை.
தார்தான் எண்ணிக்கொண்டு வந்தது.

பதினோராம் நாள் அரியக்குடி தாண்டுகையில் சத்தம் நின்றது.
தேய்ந்ததா, விழுந்ததா, உள்ளே போய்விட்டதா,
இறங்கிப் பார்த்திருக்கலாம்.
ஒன்பதே காலுக்கு லாக்கர் சாவி என்னிடம்.
பின் சக்கரத்தின் மேல்
கொஞ்சம் கனமாகவே உட்கார்ந்து பார்த்தேன்.
தாங்கியது.