நான்காவது நிரல்

குறிகட்டுவான் இறங்குதுறைப் பதிவேட்டில்
நான்காவது நிரலுக்குத் தலைப்பு: இனம்.
அகலம் என் பெருவிரல் அளவு.

முதலில் நான் எழுதினேன், யோசிக்காமல்.
பிறகு துயாரா.
நெடுந்தீவுக் குதிரைகளின் இரத்தம் எடுக்க
யாகுத்ஸ்க்கிலிருந்து வந்தவள்.
குளிர்ப்பெட்டியைக் கால்களுக்கிடையில் வைத்துக்கொண்டு
மாசி வெயிலைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

"ரஷ்யனோ?" என்றார் பதிவேட்டுக்கார யோகசிங்கம்.
கடவுச்சீட்டுக்கு மட்டும்.
"அப்ப யாகுத்து எண்டு போடட்டே?"
அது அயலவர் வாயில் விளைந்த பெயராம்.
தாங்கள் சகா.

படகு டீசல் அடித்துக்கொண்டிருந்தது.
நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்:

பைக்கால் ஏரிப் பக்கம் இருந்தவர்கள், துருக்கியப் பேச்சு.
யாரோ நெருக்க, குதிரையும் மாடுமாக
லேனா ஆற்றோடு வடக்கே போனார்கள்,
மூச்சு மீசையில் உறையும் குளிருக்குள்.
அங்கே ஏற்கெனவே ஆட்கள்;
கலைமான் மேய்ப்பவர், ஏரி மீன் தின்பவர்.
அவர்களிலும் பெண் எடுத்தார்கள்.
இரத்தத்தில் தேடினால்
தகப்பன்மார் ஒரு கைப்பிடி,
தாய்மாருக்குப் பல வாசல்.

"நாங்கள் பிந்தி வந்தவர்கள்" என்றாள்,
பஸ்ஸுக்குப் பிந்தியதைச் சொல்வதுபோல.

இதை உடனே தமிழில் சொல்ல எனக்கு வரவில்லை.
யார் முந்தி என்று
கல்லைக் கிண்டி, காசைக் கிண்டி,
எலும்பையும் கிண்டிய நாடு.
இந்த வசனத்தை
இங்கே ஒருவர் வாயிலும் கேட்டதில்லை.

"என்னவாம்?"
சொன்னேன்.
பேனையை மூடினார், திறந்தார்.
"அதுக்கு என்ன அத்தாட்சி?"

சொல்தான், என்றாள்.
உறைபனி நாட்டில் சிங்கத்துக்கு ஒரு சொல் உண்டு: ஹாஹாய்.
ஒட்டகத்துக்கும் உண்டு.
அங்கே சிங்கத்தைக் கண்டவர் இல்லை,
சொல் மட்டும் தெற்கிலிருந்து நடந்து வந்திருக்கிறது.

"சிங்கமே இல்லாத இடத்திலை
சிங்கத்துக்குப் பேரோ!"
யோகசிங்கம் சிரித்தார்.
தலைக்கு மேலே கம்பத்தில் கொடி படபடத்தது.
நான் அவருடைய பெயரட்டையைப் பார்க்காமலிருக்கப்
பெரும்பாடு பட்டேன்.

பின்னேரம் திரும்பினோம்.
எப்போதோ கப்பலில் வந்திறங்கிய குதிரைகளின் வழி,
பதினொரு குப்பி,
ஐஸுக்குள் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டு.

வெளியேறும் ஒப்பம் வைக்கக் குனிந்தபோது கண்டேன்:
துயாராவுக்கு நேரே, நான்காவது நிரலில்
மேற்படி.
மேல் வரியில் இருந்தது நான்.

என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டாள்.
"இடம் காணாதாம்," என்றேன்.
"சுருக்கி எழுதியிருக்கிறார்."