ஒன்பதாவது தறி

ரோட்டு டயரை உருளையில் ஓட்டினால்
ரெண்டே வாரத்தில் முதுகு தட்டையாகிவிடும்,
தரையெல்லாம் கருந்தூள்.
அதற்காகத்தான் இந்த உதிரிச் சக்கரம்.
சூலூர் மகுடேசுவரன் விற்றது, நானூறு ரூபாய்.
எதிரே லாரி ஒடித்துத் திரும்பிய அன்று
ரிம்மில் விழுந்த நெளிவு அப்படியே இருக்கிறது.
"ரோட்டுக்கு ஆகாதுங்க்கா,
ஊட்டுக்குள்ள ஓடும்" என்றான்.

எட்டுத் தறிக்கும் தார்ப்பாய் போர்த்திப்
பத்தொன்பது நாள்.
கூலி ஒப்பந்தத்தில் கையெழுத்து விழும்வரை
சோமனூரில் ஒரு நாடாவும் பறக்காது.
சும்மா கிடக்கிற கைக்கு
ஒரு ஸ்பேனர் போதும்.

பழைய சக்கரத்துப் பல்லடுக்கைக் கழற்றி
இதில் ஏற்றினேன். பூட்டு வளையம்
கடைசிச் சுற்றில் நறநறவென்று கடித்தது.
ஏழாம் பல்லில் சங்கிலி
ஏறவும் மாட்டேன் இறங்கவும் மாட்டேன் என்றது.
கம்பித் திருகில் கால் சுற்று.
இன்னும் அரைக்கால்.
பாவின் விறைப்புப் பார்த்துப் பழகிய விரல்
அதற்குமேல் போகாமல் நின்றுகொண்டது.
நெளிவு பிரேக்கில் உரசியது,
பிரேக்கையே அவிழ்த்துப் போட்டேன்.
நிற்பதற்கென்ன, மிதிக்காமலிருந்தால் ஆயிற்று.

நூறு பவுண்டு காற்று.
முன் சக்கரத்துக்கு ஒரு கட்டை.
நாலாம் தறிக்கும் ஐந்தாம் தறிக்கும் நடுவே
ஏறி உட்கார்ந்தேன், இரவு ஒன்பதரை.

நெளிவு உருளைக்கு வரும்போதெல்லாம் ஒரு தட்டு.
தடக். தடக்.
மிதிக்க மிதிக்கத் தட்டுகள் நெருங்கித்
தடதடவென்று ஒன்றாகிவிட்டன.
வியர்வை கண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது,
ஊர் எவ்வளவு ஊமையாய்க் கிடக்கிறது என்பதை
நான் யோசிக்கவில்லை.

கதவை இடித்தார்கள்.
சங்கத்திலிருந்து ஆறு பேர்.
முன்னால் நாச்சிமுத்து, கையில் டார்ச்.
"எந்தத் தறிங்க ஓடுது?"
அந்த 'ங்க'வில் மரியாதை இல்லை.

வழிவிட்டேன்.
ஒவ்வொரு தார்ப்பாயாகத் தூக்கி
இரும்பைத் தொட்டுப் பார்த்தார்கள்.
எட்டும் சில்லிட்டுக் கிடந்தன.
டயர் மட்டும் சுட்டது.
நாச்சிமுத்து விரலை உதறிக்கொண்டு
சைக்கிளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.
"எத்தன மீட்டர் ஆச்சு?"
பழக்கத்தில் வந்த கேள்வி.
கைப்பிடிக் கருவியைப் பார்த்துச் சொன்னேன்:
"பதினோராயிரத்து இருநூறு."
"கூலி?"
பின்னாலிருந்து யாரோ சிரித்துவிட்டார்கள்.

அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டி
அவரே ஏறினார்.
முதலில் மெதுவாக, பிறகு
பத்தொன்பது நாள் கடனையும் சேர்த்து
மிதிக்கிற மாதிரி.
தடதடவென்று கூடமே அதிர்ந்தது.

சன்னலுக்கு வெளியே
அடுத்த வீதியில் ஒரு விளக்கு எரிந்தது.
அதற்கடுத்த வீதியில் இன்னொன்று.